பூத்வாலி மேடம் போடாத கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் ஜெயராணிக்கு 'பூத்வாலி மேடம்' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஹிந்தியில் பேய்க்கார அம்மா என்று அர்த்தம். மதியம் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பழைய லேப்டாப்பில் இந்தோனேசியப் பேய் கேம் விளையாடும் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அப்போது நினைத்தேன். பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லோரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும்.

என் பெயர் சிவபிரகாஷ். போர்ட் பிளேரில் கடல் சம்பந்தப்பட்ட ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் இதற்கும் ஒரு ஃபைல் திறந்துவிடுவார்கள். குட்வில் எஸ்டேட்டில் சொந்த வீடு, ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் பென்ஷன். வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம் உண்டு.

ஜெயராணி ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி பெண். ஆறு வருஷமாக எங்களோடு இருந்தாள். ஜூன் முப்பதும் டிசம்பர் முப்பத்தொன்றும் வந்தால் அவளுக்கு ஒரு காகிதம் வர வேண்டும். வந்தால் இன்னும் ஆறு மாதம் வேலை உண்டு, வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பி.காம். படித்தவள், எங்களில் மூன்று பேர் பார்க்கும் வேலையைத் தனியாகப் பார்ப்பவள். அந்த ஒரு காகிதத்துக்காக வருஷத்துக்கு இரண்டு முறை கிருஷ்ணமூர்த்தி சாரின் அறை வாசலில் நிற்பாள். எங்கள் செக்‌ஷனுக்குத் தலைவர் அவர்தான்.

அவள் பிறந்தது எங்களுக்குத் தெற்கே இருக்கும் கச்சால் தீவில். இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அப்பா முத்துவீரன் ரப்பர் பால் வெட்டுகிறவர். 2004 டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நிலம் ஆடி அடங்கிய பிறகு, கடற்கரையில் மீன் வாங்கப் போன கூட்டாளி என்ன ஆனான் என்று பார்த்துவரப் போனார். ஜெயராணிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் வரவில்லை, கூட்டாளியும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாததால் சாவுச் சான்றிதழுக்கு அவள் அம்மா வேலாயியை எத்தனை மேஜைக்கு நடக்கவிட்டார்கள் என்பதை நான் எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை நகராது. கடல் கொண்டுபோனதற்கு அத்தாட்சி கொண்டு வா என்று கேட்டிருக்கிறார்கள். கடலிடம் போய் யார் வாங்கி வருவது?

தாயும் மகளும் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தார்கள். வருஷா வருஷம் இருபத்தாறாம் தேதி வேலாயி வீட்டில் மீன் சமைப்பதில்லை. அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் போகவும் மகளை விடுவதில்லை. இதை அவள் யாரிடமிருந்தும் கற்கவில்லை, அவளாகப் போட்டுக்கொண்ட விலக்கு அது.

கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகுதான் எங்கள் தீவில் நெட் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வந்தது. மற்றவர்கள் சீரியல் பார்த்தார்கள், ஜெயராணி இந்தக் கேமைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேயைச் சுடுகிற விளையாட்டு இல்லை, கையில் ஆயுதமே கிடையாது. சுமத்ராவில் ஒரு கடலோரக் கிராமத்துக்கு வேலைக்கு வரும் நர்ஸ் நீங்கள். அந்த ஊரில் செய்யக் கூடாத காரியங்கள் நிறைய இருக்கின்றன. விளக்கு வைத்த பிறகு வாசல் பெருக்கக் கூடாது. வீட்டுக்குள் விசிலடிக்கக் கூடாது. பச்சை உடுத்திக் கடலுக்குப் போகக் கூடாது. கல்லறையை விரலால் சுட்டிக் காட்டக் கூடாது. எதையும் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். தெரியாமல் மீறினால் தலைக்கு மேல் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி உருவம் ஒன்று துள்ளித் துள்ளி வரும். இல்லாவிட்டால் பிரசவத்தில் செத்த ஒருத்தி சிரிப்பாள். சிரிப்பு பலமாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.

"என்னம்மா இது, சாப்பிடுற நேரத்துல பொணத்தோட ஓட்டம்?" என்று கேட்டேன்.

"பேய் பாக்க இல்லண்ணே" என்றாள். "இவங்க எதெதெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொல்லுறாங்களோ, அதுல பாதி எங்கம்மா தோட்டத்து லயத்து வீட்டுல சொன்னதுதான். விசிலடிச்சா அம்மா வெளக்கமாத்த எடுக்கும். ஏன்னு கேட்டா சொல்லாது. இவங்க ஏன்னு சொல்லுறாங்க. அதான் விளையாடுறேன்."

கேமில் வரும் இங்கிலீஷ் எழுத்து அரைகுறை என்று அந்த மொழியையே கற்கத் தொடங்கினாள். அந்தக் கேமை விளையாடுகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் குழு ஒன்று நெட்டில் இருந்தது. அதில் சுமத்ராவில் மேடானிலும் பண்டா ஆச்சேயிலும் இருக்கும் பெண்களோடு நான்கு வருஷம் பேசினாள். கேமில் இருக்கும் கோளாறுகளைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவாள், அவர்கள் நன்றிப் பட்டியலில் இவள் பெயரைப் போட்டார்கள். அரசாங்கத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தும் ஒரு பட்டியலிலும் ஏறாத பெயர், பேய் கேமில் ஏறியது. நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் முடித்ததில்லை. அதில் ஒரு படகு, போகக் கூடாத நாளில் கடலுக்குப் போகிறது. அதே சுனாமியில் ஊரை இழந்த ஆச்சே மீனவர்களுக்கு டிசம்பர் இருபத்தாறு விலக்கு நாள். வெள்ளிக்கிழமைகளும் அப்படித்தான். அன்றைக்கு வலை போட்டவனை ஊர் சும்மா விடாது, அவர்களுடைய கடல் தலைவர் படகைக் கட்டிப்போட்டுவிடுவார். கேமில் அந்தப் படகு போனதும் பேய் எதுவும் வருவதில்லையாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கடல் கொண்டுபோனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்களாம், அவ்வளவுதான்.

"அதுல பேயே வராதுண்ணே. அதான் என்னால ஏலாது" என்றாள்.

இனி என்னுடைய அலுவலகத்தின் லட்சணத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பர் இருபத்தாறாம் தேதி, சுனாமிக்கு இருபதாவது ஆண்டு. காலையில் எங்கள் ஹாலில் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். கிருஷ்ணமூர்த்தி சார் முன்வரிசையில் கைகட்டி நின்றார். போட்டோ எடுத்தார்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு நல்ல சோகம் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி, தெற்குக் கடைசியில் கேம்ப்பெல் பே பக்கம் ஒரு இந்தோனேசியப் படகு ஐந்து பேரோடு நம் எல்லைக்குள் அகப்பட்டது. இன்ஜின் ஓடவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஐஸ் பெட்டியில் கொஞ்சம் சூரை மீன், கிட்டே போக முடியாத நாற்றம். ரோந்துக்காரர்கள் அவர்களைக் கப்பலேற்றி எங்களிடம் அனுப்பினார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்தார்களா, இன்ஜின் கெட்டுத் தத்தளித்து வந்தார்களா என்று நாங்கள் விசாரித்து எழுத வேண்டும். தத்தளித்தவன் என்றால் சோறு போட்டு, தூதரகத்துக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, ஊருக்கு அனுப்ப வேண்டும். திருடன் என்றால் வழக்கு, ஜெயில், வருஷ முடிவில் அறிக்கையில் ஒரு வரி, மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டு. கிருஷ்ணமூர்த்தி சாருக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே வாக்குமூலம் தயாராகிவிட்டது. இருபத்தாறாம் தேதி காலையில் நம் கடலுக்குள் வந்தோம், அன்றும் மறுநாளும் வலை போட்டு மீன் பிடித்தோம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். பிடிபட்டது இருபத்தெட்டு என்பதால், இரண்டு நாள் முன்னால் போட்டால் கேஸ் கனமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன் நான். இருபத்தாறு என்று என் விரல் அடித்தது. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவன், உறைத்திருக்க வேண்டாமா?

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். "நம்ம பூத்வாலி மேடம் இருக்காங்களே சார்" என்று நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

முப்பதாம் தேதி காலை ஐந்து பேரையும் ஹாலில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். படகுத் தலைவர் பெயர் யுஸ்ரி, ஆச்சேக்காரர், அறுபதை நெருங்கிய மனிதர், உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. ஜெயராணி போய் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது, அவள் சொன்னதும் அவர்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் மச்சான் அதே கேமை விளையாடுகிறவனாம். ஆறு நாளில் அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவள் சொன்னாள்.

அவர்கள் சொன்ன கதை இது. இருபத்து நாலாம் தேதி இன்ஜின் நின்றது. இருபத்தைந்துக்குள் ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்கள். காற்றும் நீரோட்டமும் வடமேற்கே தள்ளின. பெட்டியில் இருந்த மீன் அவர்கள் கடலிலேயே பிடித்தது. இதையெல்லாம் ஜெயராணி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு நான் டைப் அடித்த வாக்குமூலத்தை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருண்ணே இந்தத் தேதிய போட்டது?"

"சார் சொன்னாரும்மா. நீ படி."

அவள் படித்தாள். யுஸ்ரி எழுந்து நின்றுவிட்டார். கத்தவில்லை. தாளில் அந்த எண்ணைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார். ஜெயராணி என் பக்கம் திரும்பினாள்.

"ஜெயில்ல போடணும்னா போடுங்கன்னு சொல்லுறாரு. திருடன்னு எழுதணும்னா எழுதிக்கோங்கன்னு சொல்லுறாரு. இந்த நாள மட்டும் எழுதாதீங்க, இத எழுதினா நான் ஊர்ல கால் வைக்க ஏலாதுன்னு சொல்லுறாரு. அண்ணே, ஆச்சேல இந்த நாள் யாரும் வலை போடமாட்டாங்க. மறுநாள் வெள்ளிக்கிழம. அதுவும் வெலக்கு. ரெண்டு நாளும் மீன் பிடிச்சோம்னு இவங்க வாயால எப்பிடி சொல்லியிருப்பாங்க?"

கிருஷ்ணமூர்த்தி சாரின் அறைக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அவ்வளவுதானே? இருபத்தஞ்சுன்னு போட்டுக்கலாம். சிவபிரகாஷ், மாத்திடுங்க. காம் கதம், வேலை முடிஞ்சுது."

நான் சரி சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஜெயராணி முந்திக்கொண்டாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"தேதி என்னா சார், கத்தரிக்காயா? இது சொத்தைன்னா அத எடுத்துக்கலாம்னு சொல்லுறீங்க. இருபத்தாறு பொய்யின்னா இருபத்தஞ்சும் பொய்தான். இன்ஜின் இருபத்து நாலாம் தேதி நின்னுடிச்சு. மீன் நாறிப் போய்க் கெடக்கு. புடிபட்டதுக்கு முந்தாநாள் புடிச்ச மீன் அப்பிடியா நாறும்? நான் இதுல கையெழுத்து போடமாட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து என்று கீழே ஒரு இடம் இருந்தது. அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டினேன், சரி என்று ஒப்புக்கொண்டார்கள் என்று அதற்கு மேலே அச்சடித்திருந்தது. அங்கே அவள் பெயர் இல்லாவிட்டால் அந்த வாக்குமூலம் வெறும் தாள். அவள் போட்டால் ஐந்து பேர் எத்தனை வருஷம் இந்தத் தீவின் ஜெயிலில் கிடப்பார்கள் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

கிருஷ்ணமூர்த்தி சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு முப்பத்தொண்ணு. உன் ரினிவல் என் மேஜையிலதான் இருக்கு. நல்ல பொண்ணு நீ. அம்மாவையும் வச்சுக்கிட்டு இருக்கே. யோசிச்சுப் பாரு."

மெல்லக் கேட்டால் பக்கத்தில் என்று அந்தக் கேமில் சொல்லியிருப்பது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெயராணி வெளியே போனாள்.  எனக்கு அங்கே என்ன ரினிவல் இருந்தது? ஒன்றும் இல்லை. நிரந்தர வேலை. என்னை அவர் எதுவும் செய்திருக்க முடியாது. அப்படியும் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஐந்து பேரையும், தேதி மாற்றாத அதே வாக்குமூலத்தோடு, மாஜிஸ்திரேட் அம்மாள் முன்னால் நிறுத்தினார்கள். கையெழுத்து ஏன் இல்லை என்று அந்த அம்மாள் கேட்டார். கிருஷ்ணமூர்த்தி சார் எழுந்து, இந்தப் பெண்ணுக்கு அந்த மொழி சரியாக வராது, வீடியோ கேமில் கற்றது என்றார். வக்கீல்கள் சிரித்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற நானும் பழக்கதோஷத்தில் உதட்டை விரித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

"உண்மையா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"உண்மைதான் மேடம்" என்றாள் ஜெயராணி. ஹிந்தியில்தான் பேசினாள். "பேய் கேம்ல கத்துக்கிட்டேன். இந்தப் படகுத் தலைவர்கிட்ட ஒரு கேள்வி கேக்க அனுமதி குடுங்க. இவர் சொல்லுறத அப்பிடியே சொல்லுறேன்."

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். ஜெயராணி யுஸ்ரியிடம் கேட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே இருபத்தாறில் உங்கள் வீட்டில் யார் யார் போனார்கள் என்பதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவள் பெயரைத் திருப்பிச் சொல்லி, முறையை ஹிந்தியில் சொன்னாள். மனைவி. மூத்த மகள். இளைய மகன், நடக்கத் தெரியாத வயசு. மாமனார். தங்கை. தங்கையின் மூன்று பிள்ளைகள். எட்டுப் பேர்.  முடித்த பிறகு சொன்னாள்.

"அந்த நாளில இவர் கடல்ல வலை போட்டு மீன் புடிச்சாருன்னு எழுதியிருக்கு மேடம். புடிச்சேன்னு இவர் என்கிட்ட சொல்லல. சொல்லாதத சொன்னாருன்னு நான் கையெழுத்து போட ஏலாது."

மாஜிஸ்திரேட் கிருஷ்ணமூர்த்தி சாரைப் பார்த்தார்.

"இருபத்தாறாம் தேதி காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"ஆபீஸில் மௌன அஞ்சலி, மேடம்."

"யாருக்கு?"

 இன்ஜினையும் மீனையும் வேறு ஆட்களை வைத்துப் பரிசோதிக்க உத்தரவாயிற்று. விலக்கு நாள் சட்டத்தில் சாட்சியம் ஆகாது என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொன்னார், ஆனால் இந்த வாக்குமூலத்தை நம்பவும் முடியாது என்றார். படகு பிடிபடுவதற்கு நாலு நாள் முன்பே இன்ஜின் நின்றுவிட்டது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். பிப்ரவரியில் ஐந்து பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் எங்கள் சாரை ஒரு கேள்வி கேட்கவில்லை. மார்ச்சில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, நாங்கள் லட்டு சாப்பிட்டோம்.

கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கே, சாயங்காலம் நாலரை மணிக்கு, சார் என்னைக் கூப்பிட்டு ஒரு உத்தரவு சொன்னார். நான் டைப் அடித்தேன். அலுவலக நேரத்தில் வீடியோ கேம் விளையாடியதால் செல்வி எம். ஜெயராணியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இதை அவளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னதும் என்னைத்தான்.

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அந்தப் பெயர் வைத்த நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

"சாப்பாட்டு நேரம் ரெண்டு மணி வரைக்கும்தான்" என்றாள். "சில நாள் ரெண்டரை வரைக்கும் விளையாடியிருக்கேன். உண்மைதான்."

"விடும்மா. நான் சார்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்று ஒரு பொய் சொன்னேன்.

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தின் இடது மூலையில், டைப் செய்தவரின் இனிஷியல் போடும் இடத்தில், என் எழுத்து இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அது வழக்கம், எல்லாத் தாளிலும் போடுவேன். அந்த இடத்தை அவள் விரலால் தட்டினாள்.

"அந்த வாக்குமூலத்துலயும் இது இருந்திச்சுண்ணே. நான் ஒரு தாள்லதான் கையெழுத்து போட்டேன், அது உண்மைங்கிறதால. நீங்க ரெண்டுலயும் போட்டிருக்கீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் சாரின் மேஜையில் வைத்தேன்.